வெள்ளி முகம் காணவில்லை

காலத்தை வென்றவர் இந்த உலகத்தில் எவரும் இல்லை. பேரரசர்கள் மோதிப் பார்த்தார்கள், ஞானிகள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். எல்லோரையும் விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டுக் காலம் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது. அப்பேர்ப்பட்ட காலத்தையே பிடித்துவந்து தன் வரவேற்பறைச் சுவரில் ஆணியடித்து மாட்டிய மாமனிதர் என்று ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைப் பற்றி ஒரு வாரப் பத்திரிகை எழுதியிருந்தது.

அந்தக் கட்டுரைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு அதே சுவரில் மாட்டியிருந்தார் நீதிபதி. சுற்றிலும் அவர் தன் கையாலேயே புதுப்பித்த பழங்காலக் கடிகாரங்கள். ஒன்று இரண்டரை என்றது. பக்கத்தில் இருந்தது பத்தேகால் என்றது. மூலையில் ஆளுயரத்துக்கு நின்ற ஒன்று, முட்கள் இரண்டையும் கீழே தொங்கப் போட்டுக்கொண்டு, வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையன் மாதிரி இருந்தது.

"மணி என்னடா?" என்று கத்தரி கேட்டாள்.

"எந்தச் சுவரோட மணி சித்தி? ஜன்னல் பக்கமா, கதவுப் பக்கமா?" என்றான் ரேடியோ.

கத்தரி என்பது இன்சூரன்ஸ் கம்பெனி அவளுக்குக் கொடுத்த பட்டம். இழப்பீடு கேட்டு வந்தவர்களின் பொய்களை நறுக்கித் தள்ளியே தலை நரைத்தவள். வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறிய ஆரம்பித்த பிறகும் பெயர் அவளை விடவில்லை. ரேடியோ அவளுடைய அக்கா மகன், உதவியாளன், கார் ஓட்டி. அவனை அணைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பெற்றவளுக்கே தெரியாது.

இருவரையும் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு நீதிபதி உள்ளே போய் வெகுநேரம் ஆகியிருந்தது. வேலைப்பாடு செய்த நாற்காலிகள் கூடம் நிறையக் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் "அமரக் கூடாது" என்று ஓர் அட்டை.

கத்தரிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். காலையில் நீதிபதியின் மருமகள் போன் செய்ததிலிருந்தே அது இறங்கிக்கொண்டுதான் இருந்தது. மருமகள் பல் டாக்டர். போனில் அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். பல் டாக்டர் செய்யக் கூடாத காரியம் அது.

"மேடம், என் மாமனார் என்னைத் திருடிங்கறார். அவரோட பரம்பரைக் கடிகாரத்து வெள்ளி டயலை நான் மாத்திட்டு, போலி டயலை வச்சுட்டேனாம். அவர் சொன்னதுகூடப் பரவாயில்லை. என் வீட்டுக்காரர் வந்து, 'எடுத்திருந்தா குடுத்துடு, அப்பா பெரிய மனசு பண்ணி விட்டுடுவார்'ங்கறார். சாயங்காலம் கடிகாரச் சங்கம் மொத்தமும் வீட்டுக்கு வருது. அவங்க முன்னாடி என் பேரைச் சொல்லிட்டு நேரா போலீசுக்குப் போறாராம். திருட்டு கேஸ் இருக்கற டாக்டர்கிட்ட யார் மேடம் வாயைத் திறப்பாங்க?"

நியாயமான கேள்வி. அதனால்தான் கத்தரி வந்தாள்.

நீதிபதி ஒருவழியாக வெளியே வந்தார். கழுத்தில் பூதக்கண்ணாடி ஒன்று கயிற்றில் தொங்கியது. விரல் நுனிகள் கறுத்திருந்தன.

"நீங்கதான் அந்தத் துப்பறியற பெண்மணியா?"

"ஆமா. நீங்கதான் அந்தத் திருட்டுப்போன நீதிபதியா?"

"திருட்டுப்போனது நான் அல்ல. டயல்."

"இவரைப் பார்த்தா இவரும் ரொம்ப நாளா வீட்ல இல்லாத மாதிரிதான் இருக்கு," என்று ரேடியோ முணுமுணுத்தான். நீதிபதியின் காதுக்கு எட்டவில்லை. பதவியில் இருந்த காலம் முழுக்க எதிரில் நிற்பவர் பேச்சு காதில் ஏறாமல் பழகிய காது அது. மேல் கோர்ட் பல முறை அவருடைய தீர்ப்புகளைத் திருப்பி அனுப்பியது உண்டு. மேல் கோர்ட்டில் ஏதோ கோளாறு என்று அவர் அதைப் புரிந்துகொண்டார்.

வேலையறைக்கு அழைத்துப் போனார். பச்சைத் துணி விரித்த மேசை. அதன் மேல் வளைகழுத்து விளக்கு, இடுக்கிகள், எண்ணெய்க் குப்பிகள், மஞ்சள் துடைதுணிகள். அலமாரியில் பெரிய ஊறுகாய் ஜாடி ஒன்று. அதன் கழுத்துவரை குட்டித் திருகாணிகளும் பல்சக்கரங்களும் நிறைந்திருந்தன.

"இதெல்லாம் என்ன?" என்றாள் கத்தரி.

"ஒவ்வொரு கடிகாரத்தையும் திரும்பப் பூட்டிய பிறகு எஞ்சியவை. அந்தக் காலத்தில் தேவைக்கு மேல் பாகங்களைப் போட்டுவிட்டார்கள்."

"சித்தி, கூடத்துல ஏன் ஒண்ணும் ஓடலைங்கற கேஸ் முடிஞ்சுபோச்சு," என்றான் ரேடியோ.

"வாயை மூடுடா." கத்தரி மேசை நடுவில் இருந்ததைப் பார்த்தாள். வெல்வெட் துணியின் மேல் வட்டமான டயல். பளபளவென்று மஞ்சள். எண்கள் கறுப்பாகச் செதுக்கப்பட்டிருந்தன. அடிப்பகுதியில் செவ்வகமாக ஒரு பெயர்த் தகடு. அதில் நீதிபதியின் பெயர், பட்டங்கள், "புதுப்பித்துக் காத்தவர்" என்ற வாசகம். செய்தவனின் பெயர் டயலில் எறும்பளவு இருந்தது. காத்தவரின் பெயர் பல்லி அளவு.

"என் பாட்டனாருக்குப் பாட்டனார் வாங்கிய கடிகாரம்," என்றார் நீதிபதி. "டயல் சுத்த வெள்ளி. நேற்று மாலை கழற்றி, மெருகு மருந்தில் ஊறப் போட்டேன். அறையைப் பூட்டினேன். காலையில் திறந்தால் வெள்ளி இல்லை. பேசினுக்குள் இந்தப் பித்தளை கிடக்கிறது. பூட்டு உடையவில்லை. இன்னொரு சாவி மருமகளிடம் மட்டும்தான். தூசி தட்டுவதற்காக நானே கொடுத்தது. அவள் தம்பி பழைய சாமான் வியாபாரி. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?"

"பெயர்த் தகடு உங்களோடதுதானே? அது எப்படி போலி டயல் மேல வந்துச்சு?"

நீதிபதியின் முகம் சிவந்தது. இதுவரை அவர் பேச்சில் இருந்தது சட்டம். இனி வந்தது ரணம்.

"அதுதான் அவளுடைய அகம்பாவம். வெள்ளியை எடுத்துக்கொண்டவள் என் பெயரை மட்டும் கழற்றிப் போலியின் மேல் பொருத்திவிட்டுப் போயிருக்கிறாள். என் பெயர் இருந்தால் விலை குறையும் என்று நினைத்திருக்கிறாள்!"

"ஒரே ராத்திரியில?"

"திருகாணி போதாது என்று நான் பசையும் போட்டிருந்தேன். சுற்றிலும் பூசியிருந்தேன். அதையும் அப்படியே செய்திருக்கிறாள். தேர்ந்த கை. எங்கள் சங்கத் தலைவர் வந்து பார்த்துவிட்டு இது போலி என்று கையெழுத்தே போட்டுக் கொடுத்துவிட்டார்."

மூலையில் காலி பேசின் ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கத்தரி அதைத் தூக்கி முகர்ந்தாள். மூக்கைச் சுளித்தாள்.

வெளியே வரும்போது மருமகள் வாசலில் நின்றாள். "ஏதாவது கிடைச்சுதா மேடம்?"

"உங்க தம்பி கடைக்குப் போறோம். நீங்க கிளினிக் போய் நோயாளிகளைப் பாருங்க. ஒளிஞ்சு உட்காராதீங்க."

"ஒளியறதா? நானா?" என்றாள் அவள். கூடத்து நாற்காலியில் அவள் கணவன் போனைத் தடவிக்கொண்டிருந்தான். 'அமரக் கூடாது' அட்டையைக் கவனமாக மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தம்பி கடை சந்தின் கோடியில் இருந்தது. பழைய கதவுகள், ஜன்னல் கம்பிகள், குளியல் தொட்டிகள், உடைந்த அலங்கார விளக்குகள். கடிகாரம் மருந்துக்குக்கூட இல்லை. கடைக்காரன் கையில் கடப்பாரை இருந்தது. கதவைப் பெயர்த்துக்கொண்டிருந்தானா, ஆளைப் பெயர்க்கக் காத்திருந்தானா என்று சொல்வது கஷ்டம்.

"நீங்களும் சோதனை போட வந்தீங்களா? காலைல ஒருத்தர் வந்தார். சங்கத் தலைவராம். கழுத்துல டை. என் கடைல இருக்கற ஒவ்வொரு தொட்டியையும் கவுத்துப் பார்த்தார். 'வெள்ளி டயலை எங்கய்யா ஒளிச்சு வச்சிருக்க'ன்னு கேட்கறார். கஸ்டமர் முன்னாடி! எங்கக்கா அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு இத்தனை வருஷத்துல என்னை ஒரு தடவை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னது கிடையாது. இப்ப மட்டும் நான் சொந்தக்காரனாயிட்டேன்."

"உட்காரச் சொல்லியிருந்தாலும் பிளாஸ்டிக் ஸ்டூல்தான் தம்பி," என்றான் ரேடியோ. "நஷ்டம் ஒண்ணும் இல்லை."

கடப்பாரை மெல்லக் கீழே இறங்கியது.

"நாங்க உங்கக்கா பக்கம்," என்றாள் கத்தரி. அவள் கண் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருந்த தட்டில் நின்றிருந்த விளையாட்டுக் கோப்பைகளின் மேல் இருந்தது. ஏதோ பள்ளிக்கூடத்தை இடித்தபோது வாரி வந்தவை. எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன; பிடிகள் மட்டும் மஞ்சள். ஜெயித்தவர்கள் தூக்கிப் பிடித்த இடம் மட்டும் மஞ்சள்.

"இது என்ன?"

"அதுவா? வெள்ளின்னு நினைச்சுத்தான் வாங்கினேன். முலாம். கை பட்டுப் பட்டுத் தேஞ்சுபோச்சு. தூக்காம பீரோல வச்சிருந்தா அப்படியே இருந்திருக்கும்."

கத்தரி ஒரு கோப்பையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். இன்சூரன்ஸ் ஆபீஸில் முன்பு ஒரு தம்பதி வெள்ளிப் பாத்திரங்கள் மாற்றப்பட்டுவிட்டன என்று இழப்பீடு கேட்டு வந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கும் அவளுக்கு இதே கோபம்தான் வந்தது. அன்றைக்கு அவர்கள் சந்தேகப்பட்டது சமையற்காரியை. சாமான் மாறினால் வீட்டுக்கு வெளியிலிருந்து வந்தவள்தான் மாற்றியிருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

"ரேடியோ, வண்டியை எடு. போற வழியில கிளினிக்."

"பல் வலியா சித்தி?"

"பிடுங்க வேண்டியது ஒண்ணு இருக்கு."

சாயங்காலம் கூடத்தில் சங்கத்தார் கூடியிருந்தார்கள். எல்லோரும் ஓய்வுபெற்ற பெரிய மனிதர்கள். ஒருவர் மேனேஜராக இருந்தவர், ஒருவர் பேராசிரியராக இருந்தவர். இருந்தவர்கள் என்பதுதான் அவர்களுடைய தற்போதைய உத்தியோகம். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு பூதக்கண்ணாடி. இன்றைக்கு நாற்காலிகளின் மேல் அட்டை இல்லை.

நீதிபதி எழுந்து நின்றார். கையில் புகார் தயாராக இருந்தது. எதிரே, வேலையறையிலிருந்து கொண்டுவந்து வைத்த விளக்கின் கீழ், வெல்வெட் துணியின் மேல் அந்த டயல்.

"நண்பர்களே, சரித்திரத்தின் மேல் கை வைக்கப்பட்டிருக்கிறது. கை வைத்தவர் என் குடும்பத்தில் ஒருவர் என்பதைச் சொல்ல எனக்கு நா கூசுகிறது."

"கூசினா சொல்லாதீங்க," என்றாள் கத்தரி வாசலிலிருந்து. அவள் குரல் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் மருமகள், கிளினிக் கோட்டோடு, கையில் சின்னத் தோல் உறை. பின்னால் ரேடியோ.

"இது சங்கக் கூட்டம். வெளியாட்களுக்கு அனுமதி இல்லை."

"ஒரு பொண்ணைத் திருடின்னு சொல்றதுக்கு ஊரைக் கூட்டிட்டு, அவ ஆளைக் கூட்டிட்டு வந்தா அனுமதி இல்லையா? ரெண்டு கேள்வி. கேட்டுட்டுப் போயிடறேன். தலைவர் யாரு?"

டை கட்டிய தலைவர் கையை உயர்த்தினார்.

"இது போலின்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அனுபவம் அம்மா. பித்தளையின் நிறத்தில் பழமை இல்லை. நேற்றுச் செய்தது போல் மின்னுகிறது. கண்ணாடி வைத்துப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது."

"உறுதியா?"

"என் பெயரையே பணயம் வைக்கிறேன்."

"யார் வாங்குவாங்க," என்றான் ரேடியோ. பேராசிரியராக இருந்தவர் சிரித்துவிட்டு, இருமுவது போல் நடித்தார்.

கத்தரி நீதிபதியிடம் திரும்பினாள். "டயல் போலி. சரி. அந்தப் பெயர்த் தகட்டைக் கழட்டிப் பார்க்கணும்."

"முடியாது! டயலில் கீறல் விழும்."

"போலி டயல்தானே? கீறினா என்ன போச்சு?"

நீதிபதி டயலைப் பார்த்தார். பெயர்த் தகட்டைப் பார்த்தார். மறுத்தால் அது அசல் என்று ஆகும். அனுமதித்தால் அவர் பெயர் கழன்றுவிடும். எத்தனையோ வக்கீல்களை இப்படி மூலையில் நிறுத்தி வேடிக்கை பார்த்தவர். மூலை எப்படி இருக்கும் என்பது இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"கழற்றுங்கள்," என்றார்.

மருமகள் தோல் உறையைப் பிரித்தாள். கொக்கி மாதிரி முனை வளைந்த கருவி ஒன்றை எடுத்தாள். பல்லில் படிந்த காரையைச் சுரண்டும் கருவி. ரேடியோ திருகாணிகளைக் கழற்றிக் கொடுத்தான். அவள் விளக்கை இழுத்துக்கொண்டு குனிந்தாள். தகட்டின் ஓரத்தில் இறுகிக் கிடந்த பசையைக் கீற்றுக் கீற்றாகச் சுரண்டினாள். அவசரப்படவில்லை. நாள் முழுக்கக் கடித்துக்கொண்டிருந்த பற்களை அப்போதுதான் தளர்த்தினாள்.

"கொஞ்சம் வலிக்கும் மாமா," என்றாள் தலையைத் தூக்காமல்.

தகடு பெயர்ந்து வந்தது.

மஞ்சள் டயலின் அடிப்பகுதியில், பெயர்த் தகடு இருந்த இடத்தில், அதே அளவுக்கு ஒரு வெள்ளைச் செவ்வகம். சுத்தமான வெள்ளை. ஓரம் பிசிறு இல்லாமல் இருந்தது.

சங்கத்தார் அத்தனை பேரும் பூதக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். அதைப் பார்க்கப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

"டயலை யாரும் மாத்தலை," என்றாள் கத்தரி. "இதுதான் அசல். உங்க பாட்டனாருக்குப் பாட்டனார் வாங்கினது வெள்ளித் தகடு இல்லை. பித்தளை, மேல வெள்ளி முலாம். துணியால அழுத்தித் துடைச்சாலே போயிடற அளவு மெலிசு. அதைப் போய் நீங்க ராத்திரி முழுக்க மருந்துல ஊறப் போட்டிருக்கீங்க. மருந்து போக முடியாத இடம் ஒண்ணே ஒண்ணுதான். உங்க பேருக்கு அடியில. அங்க மட்டும்தான் நீங்க கடிகாரத்தைக் காத்திருக்கீங்க."

"அப்படியானால்... வெள்ளி எங்கே?" என்றார் நீதிபதி. குரலில் இன்னும் குறுக்கு விசாரணை இருந்தது.

"பேசின்ல இருந்துச்சு சார்," என்றான் ரேடியோ. "அந்தத் தண்ணியை இன்னிக்குக் காலைல யார் கொட்டினது?"

நீதிபதி தன் கறுத்த விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டார்.

"நீங்களேதானே? அப்ப திருடனைப் பிடிக்கணும்னா சாக்கடையிலதான் இறங்கணும். பேன்ட்டை மடிச்சுக்கோங்க."

மருமகள் சிரிக்கவில்லை. கருவியைத் துடைத்து உறையில் வைத்துவிட்டு மாமனாருக்கு எதிரில் வந்து நின்றாள்.

"சொல்லுங்க மாமா."

"ஒரு தவறு நேர்ந்திருக்கிறது."

"நேர்ந்துச்சா? அதுவா வந்து நேர்ந்துச்சா? யார் பண்ணினது?"

"சூழ்நிலைச் சாட்சியங்களின் அடிப்படையில்..."

"மாமா!" முதல் தடவையாக அந்த வீட்டில் அவள் குரல் ஓங்கியது. மூலையில் நின்றுபோயிருந்த ஆளுயரக் கடிகாரத்தின் கண்ணாடி அதிர்ந்தது. "இவங்க எல்லார் முன்னாடியும் என் பேரைச் சொல்றதா இருந்தீங்க இல்ல? இப்ப உங்க பேரைச் சொல்லுங்க."

அவள் கணவன் எழுந்து வந்தான். "விடு, அப்பாவுக்கு வயசாச்சு. அதான் தெரிஞ்சுபோச்சே..."

"உங்களுக்குக் காலைலயே தெரிஞ்சிருக்கணும். டயலைப் பத்தி இல்லை. என்னைப் பத்தி."

அவன் உட்கார்ந்துவிட்டான்.

நீதிபதி கையிலிருந்த புகாரைப் பார்த்தார். மடித்தார். மறுபடி மடித்தார். இனி மடிக்க முடியாது என்ற அளவுக்குச் சின்னதானதும், "நான் தப்பு பண்ணிட்டேன்," என்றார். எழுத்துத் தமிழ் அவரைக் கைவிட்டிருந்தது. "நீ எடுக்கலை. நான்தான்... நான்தான் கெடுத்துட்டேன்."

மருமகள் தலையசைத்தாள். வேலையறைச் சாவியைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து வெல்வெட் துணியின் மேல் வைத்தாள்.

"இனிமே தூசி தட்ட வேற ஆளைப் பாருங்க. நான் கொஞ்ச நாள் தம்பி வீட்ல இருக்கப்போறேன். உங்க பையன் வந்து பார்க்கணும்னா, கடைக்கு வரட்டும். அங்க எல்லாரும் உட்காரலாம்."

அவள் போனபோது வழியை யாரும் மறிக்கவில்லை. மேனேஜராக இருந்தவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

மன்னிப்பு என்பது நீதிபதியின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத பண்டம். உள்ளே போன சற்று நேரத்தில் அது வேறு வழியாக வெளியே வந்தது.

"எனக்கு என்ன தெரியும்?" என்று அவர் கூடத்தைப் பார்த்துக் கத்தினார். "வெள்ளி டயலுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது என்று போன கூட்டத்தில் சொற்பொழிவு ஆற்றியது யார்? எல்லோருக்கும் ஆளுக்கொரு புட்டி கொடுத்தது யார்? ராத்திரி முழுக்க ஊறினால்தான் பழைய ஒளி வரும் என்று சொன்னது யார்?"

எல்லாத் தலைகளும் ஒரே திசையில் திரும்பின. தலைவரின் நாற்காலி காலியாக இருந்தது. டை மட்டும் அதன் கைப்பிடியில் தொங்கியது. வாசலில் ஒரு கார் கிளம்பி, கேட்டை உரசிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"என்ன சித்தி, இப்படிப் பறக்கறார்?" என்றான் ரேடியோ.

கத்தரி, வந்ததிலிருந்து முதல் தடவையாக வேலைப்பாடு செய்த நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்தாள்.

தலைவரின் வீட்டுக் குளியலறையில், முந்தின நாளிலிருந்து, அவருடைய மூன்று டயல்கள் அதே மருந்தில் ஊறிக்கொண்டிருந்தன.